வியாழக்கிழமைக்காரி

வாசற்படியில் இருந்த பாத்திரத்தை எடுப்பதற்கு முன் ஃபெர்கஸ் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கடலிலிருந்து ஏறி வந்த மூட்டம் எதிர்வீட்டுக் கதவைக்கூட விழுங்கியிருந்தது. யாரும் இல்லை என்று உறுதியானதும் குனிந்து, மூடியின் கைப்பிடியில் கட்டியிருந்த பச்சைக் கம்பளி நூலை அவிழ்க்கத் தொடங்கினார். எழுபத்து மூன்று வயது விரல்களுக்கு முடிச்சு மசியவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். முதலில் நூல் சட்டைப் பைக்குள் போனது. பிறகுதான் பாத்திரம் வீட்டுக்குள் போனது.

"யாரு?" முன்னறையில் இருந்து ரோனாவின் குரல் வந்தது. குரல் என்று சொல்வதற்கு அதில் அதிகம் மிச்சம் இல்லை.

"பக்கத்து வீட்டு பெக் அம்மாதான். சூப்பு வச்சிட்டுப் போயிருக்கா."

"மறுபடியுமா? அந்தப் பொம்பளைக்கு இவ்வளவு நல்ல மனசுன்னு நாப்பது வருஷமா தெரியாமப் போச்சே."

ஃபெர்கஸ் சமையலறைக்குப் போனார். பெக் அம்மாள் இந்த வாசலில் இதுவரை வைத்தது, வேலிச் செடியை வெட்டச் சொல்லி எழுதிய துண்டுச் சீட்டுகள் மட்டும்தான். ஆறு வாரமாக, செய்யாத புண்ணியமெல்லாம் அவளுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறையைத் திறந்து, பையில் இருந்த நூலைப் போட்டு மூடினார். உள்ளே பச்சையும் நீலமும் வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு குருவிக்கூடு அளவுக்கு நூல் சேர்ந்திருந்தது.

பல்கலைக்கழக வளாகத்தில் எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனை வீடு உண்டு. ரோனா அதற்கு இருபத்தாறு வருஷம் பொறுப்பாளராக இருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குக் கம்பளம் விரிப்பாள். அது முடிந்த கையோடு கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, சாயங்காலம் யூதப் பிள்ளைகளின் மெழுகுவர்த்திக்கு மேசை போடுவாள். சனிக்கிழமை சீக்கியப் பையன்களின் ஆர்மோனியத்துக்கு மேடை. ஞாயிற்றுக்கிழமை, திரைக்குப் பின்னால் சக்கரத்தில் நிற்கும் சிலுவையைத் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்துவாள். ஒரு கடவுள் கிளம்பி இன்னொருவர் வருவதற்கு அவளுக்குக் கால்மணி நேரம் போதும்.

வியாழக்கிழமை மட்டும் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. அன்று மத்தியானம் எல்லாரும் ஒன்றாக வந்து கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் சூப்பு. எதை யார் சாப்பிடலாம் என்று தெரிவதற்கு அவள்தான் நூல் வழக்கத்தைக் கொண்டு வந்தாள். பச்சை என்றால் மாமிசமில்லை. நீலம் ஹலால். வெள்ளை, யூதர்களுக்கென்று தனியாக வைத்த பாத்திரத்தில் சமைத்தது. மஞ்சளில் கொட்டைப் பருப்பு இருக்கும். சிவப்பு என்றால் கடும் காரம், ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் பொறுப்பில் சாப்பிடவும். அந்தப் பிள்ளைகளுக்கு நூல் கட்டாமல் ஒரு கிண்ணத்தைக் கையில் எடுக்கவே வராது. சாகக் கிடக்கிறவள் வாசலில் வைக்கிற பாத்திரத்துக்கும் கட்டிவிட்டுத்தான் போனார்கள்.

அந்த நூலில் ஒரு துண்டு கண்ணில் பட்டிருந்தால் போதும், ரோனாவுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். அதனால்தான் அவர் அவிழ்த்தார்.

முதல் தடவை அது பொய்யே இல்லை. மார்ச் மாதம் அவளை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கே அனுப்பிய மறுநாள், பிரார்த்தனை வீட்டுப் பாதிரியம்மா டவினா கதவைத் தட்டினாள். "தூங்குறா" என்றார் ஃபெர்கஸ். தூங்கத்தான் செய்தாள். இரண்டாம் தடவையும் அதையே சொன்னார். அப்போது உள்ளே ரோனா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை, "யாரையும் பாக்க வேணாம்னு அவளே சொல்லிட்டா" என்று வாயில் வந்துவிட்டது. டவினா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அப்புறம் கதவைத் தட்டுவது நின்றுபோனது. பாத்திரங்கள் மட்டும் வந்தன.

ஒன்பது மணிக்கு நர்ஸ் இவோன் வந்தாள். வலிமருந்து இறங்கும் சின்னப் பெட்டியைச் சரிபார்த்தாள். ரோனாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஃபெர்கஸைக் கூட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"உக்காருங்க ஃபெர்கஸ்."

"நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லும்மா."

"இன்னிக்கு இல்லேன்னா நாளைக்குக் காலைல. அதுக்கு மேல தாங்காது. யாரையாவது கூப்பிடணும்னா இப்பவே கூப்பிட்டுடுங்க."

"கூப்பிட யாரு இருக்கா? எங்களுக்குப் பிள்ளையா குட்டியா?"

இவோன் வடிதட்டைப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒன்றுகூட இந்த வீட்டுப் பாத்திரம் இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஃபெர்கஸ் பிறந்தது மேற்கே ஒரு தீவில். அங்கே ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஆடிவிடக் கூடாது என்று பூங்கா ஊஞ்சலைச் சங்கிலியால் கட்டிப் பூட்டு போடுவார்கள். பூட்டின் சாவி சபை மூப்பரான அவர் அப்பாவிடம் இருந்தது. பதினேழு வயதில் கப்பலேறி அபர்டீனுக்கு வந்தவர், ஏழு தலைமுறைக்குப் போதுமான அளவு கடவுளை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டு பஸ் ஓட்டப் போனார். பிரார்த்தனை வீட்டின் படியை ஒரு நாளும் மிதித்ததில்லை.

மிதிக்கவில்லையே தவிர, பார்க்காமல் இல்லை. அவர் ஓட்டிய பஸ் அந்தக் கட்டடத்துக்கு நேர் எதிரே நிற்கும். வியாழக்கிழமை மத்தியானம் அதன் ஜன்னல் முழுக்க சூப்பின் ஆவி படிந்திருக்கும். உள்ளே தலைகள் வரிசையாகக் குனிந்திருக்கும், தொப்பி, தலைப்பாகை, முக்காடு, வெறுந்தலை. பின்னால் கதவோரம் நிற்கும் நீல ஏப்ரன் அவருடைய மனைவி. எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகும் ஃபெர்கஸ் அரை நிமிஷம் பஸ்ஸை எடுக்க மாட்டார். "என்ன டிரைவரே, எஞ்சினும் ஜெபம் பண்ணுதா?" என்று பின்னாலிருந்து கேட்பார்கள். அந்த அரை நிமிஷத்தைப் பற்றி அவர் ரோனாவிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவள் கதை சொல்லுவாள். மெழுகுவாசமும் சீரகவாசமும் அவள் தலைமுடியிலேயே வந்திருக்கும். அவர் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு கேட்காததுபோலக் கேட்பார். மக்கா எந்தத் திசை என்று சுவரோரம் அவள் ஒட்டிய அம்புக்குறியின் கதை அப்படிக் கேட்டதுதான். திசைகாட்டியை வாகாக இருக்கிறதே என்று இரும்பு ஹீட்டர்மேல் வைத்துப் பார்த்திருக்கிறாள். முள் இரும்பின் பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டு வருஷம் பிள்ளைகள் அந்த அம்பை நம்பித் தொழுதார்கள். நில அளவை படிக்க வந்த இம்தியாஸ் என்ற பையன் ஒருநாள் தன் கருவியைக் கொண்டுவந்து பார்த்தபோதுதான், எல்லாரும் துறைமுகத்து மீன் மார்க்கெட்டைப் பார்த்துத் தொழுதுகொண்டிருந்தது தெரிந்தது. ரோனா துடைப்பம் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இம்தியாஸ் வெளியே நின்றுகொண்டு, "ஆன்ட்டி, மனசு சரியா இருந்தா திசை தானா சரியாயிடும். வெளிய வாங்க. ரெண்டு வருஷமா மீன் வெல ஏறாம இருந்ததுக்குக் காரணமும் இப்பத்தான் தெரியுது" என்றானாம்.

அன்று ஃபெர்கஸ் பேப்பருக்குப் பின்னால் சிரித்துவிட்டார். "கேட்டுக்கிட்டுத்தான இருக்க கள்ளா?" என்று அவள் பேப்பரில் ஒரு தட்டு தட்டினாள்.

"இவ்வளவு சாமிக்கு நடுவுல நீ யாரு கட்சி?" என்று ஒருமுறை கேட்டார்.

"நானா? நான் வியாழக்கிழமைக்காரி" என்றாள்.

ஓய்வுபெற்ற பிறகும் வியாழக்கிழமையை அவள் விடவில்லை. மழையோ பனியோ, நீல ஏப்ரனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். அவளுக்கு வந்த நோய்தான் அவளை முழுசாக வீட்டில் உட்காரவைத்தது. கல்யாணமான நாற்பத்து நாலு வருஷத்தில் முதல்முறையாக எல்லா நாளும் அவருக்கே. அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவருக்கே கூசியது. ஆனாலும் சந்தோஷம்தான்.

பத்து மணிவாக்கில் ரோனா கண் விழித்தாள். அவர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைத்தார்.

"இன்னிக்கு என்ன கிழம?"

"வியாழன்."

"இந்நேரம் காரட்டு நறுக்கிட்டிருப்பாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பரீட்ச நேரம்ல. அதான் ஒருத்தரும் வரல. பிள்ளைங்களக் குத்தம் சொல்லக் கூடாது."

ஃபெர்கஸ் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டார்.

"டவினாவுக்குமா பரீட்ச?" என்றாள் அவளே. கண்ணோரத்தில் இருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. "இருவத்தாறு வருஷம். ஒரு எட்டு வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கலாம் ஃபெர்கஸ். நான் ஒண்ணும் பெருசா எதிர்பாக்கல. கதவோரமா நின்னு பாத்துட்டுப் போயிருந்தாக்கூடப் போதும்."

வலி வந்தபோதுகூட அவள் இப்படி அழுததில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். இழுப்பறையைத் திறந்து நின்றார். மூடினார். மறுபடி திறந்தார். இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து, போர்வைமேல், அவள் கைக்கு எட்டும் இடத்தில் கொட்டினார்.

அவள் முதலில் நூலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். விரல்கள் மெல்ல நகர்ந்து ஒரு வெள்ளை இழையைப் பிடித்தன. விளக்கம் சொல்ல அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எப்பலேருந்து?"

"நீ வீட்டுக்கு வந்த வாரத்துலேருந்து."

"பெக் அம்மா?"

"அவ எங்க. அவ வேலிக்குத்தான் சண்ட போடுறா."

"எல்லாத்தையும் நீயேவா தின்ன?"

"தின்னேன்."

"செவப்பு கட்டுனதுமா?"

"அதுக்கு அர்த்தம் எனக்கென்ன தெரியும்? ரெண்டு நாள் கக்கூஸ விட்டு வெளிய வரல."

அவள் வாய் கோணியது. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தார். சிரிப்பு வரவில்லை.

"பாவி மனுஷா. நான் அவங்களத் திட்டிக்கிட்டே செத்திருப்பேனே."

"உன்னப் பங்கு போட்டுக் குடுக்க எனக்கு மனசு வரல ரோனா. எனக்குன்னு ஒரு ஆறு வாரம்… தப்புதான். என்ன மன்னிச்சிடு."

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல போனப் போடு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளை நூலை மட்டும் விடவில்லை.

போனில் டவினாவின் குரல் கேட்டதும் ஃபெர்கஸ், "நான் ரோனா வீட்டுக்காரன். அவ யாரையும் வர வேணாம்னு சொல்லல. நான்தான் சொன்னேன். அவளுக்கு இன்னிக்குத் தாண்டாதாம்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மறுமுனையில் கத்தி பலகையில் நறுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. திட்டட்டும் என்று காத்திருந்தார்.

"சூப்பு அடுப்புல இருக்கு" என்றாள் டவினா. "அப்படியே தூக்கிட்டு வந்துடுறோம்."

திரும்பி வந்து, "வராங்க ரோனா, எல்லாரும் வராங்க" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. மூச்சு இருந்தது, ஆள் எங்கோ தள்ளிப் போயிருந்தாள். "ரோனா, நா சொன்னது கேட்டுச்சா? வந்துக்கிட்டு இருக்காங்க." 'அதெல்லாம் அப்புறம்' என்று அவள் சொன்ன அந்த நேரம் இனி வராது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. தலையணையில் முகத்தை வைத்து, சின்னப் பிள்ளைபோலத் தேம்பி அழுதார்.

பன்னிரண்டரைக்கு வேன் வந்தது. இரண்டு பேர் பெரிய பானையைத் துணி சுற்றித் தூக்கி வந்தார்கள். தலை நரைத்த இம்தியாஸ் துறைமுக அலுவலகத்தின் மஞ்சள் மேல்சட்டையோடு அப்படியே ஓடி வந்திருந்தார். தாலியா என்ற யூதப் பெண், பரீட்சை எழுதவேண்டியவள், கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள். காலையில் வந்த பாத்திரத்தின் பச்சை நூல் அவள் கட்டியதுதான். அவர்களுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பத்துப் பேர். சொல்லாமலே எல்லாரும் நடைவழியில் செருப்பு, பூட்ஸைக் கழற்றினார்கள்.

ஃபெர்கஸ் முன்னறைக் கதவை மறித்து நின்றார். "இங்க ஜெபம் கிபம் எதுவும்…"

"வியாழக்கெழம யாரும் சத்தமா ஜெபிக்கிறதில்ல" என்றாள் டவினா. "சும்மா உக்காந்திருப்போம். அவ்வளவுதான்."

"நான் பண்ணதுக்கு உங்களுக்கு என்மேல கோவம் இருக்கும்."

"இருக்கு. அது இன்னொரு நாளைக்கு."

இம்தியாஸ் அவர் தோளில் கை வைத்தார். "அங்கிள், வழிய விடுங்க. அவங்களப் பாக்கணும்."

அவர் விலகினார்.

கட்டிலைச் சுற்றி நாற்காலியிலும் ஹீட்டர் ஓரத்திலும் தரையிலுமாக உட்கார்ந்தார்கள். இம்தியாஸ் நகர்ந்து, ஃபெர்கஸுக்குத் தலைமாட்டில் இடம் விட்டார். யாரும் ஆரம்பம் என்று சொல்லவில்லை. ஆரம்பித்துவிட்டது.

மௌனம் என்றால் ஃபெர்கஸுக்கு அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைதான். மூச்சு விட்டாலும் குற்றமாகிற மௌனம் அது. இது அப்படி இல்லை. யாருடைய வயிறோ கடமுடா என்றது. ஒருவர் மூக்கை உறிஞ்சினார். கூரைமேல் கடற்காக்கை ஒன்று இரும்பைக் கொத்திக்கொண்டிருந்தது. இடையில் ரோனாவின் மூச்சு, நின்று, யோசித்து, திரும்ப வந்தது. ஆவி படிந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இத்தனை வருஷம் நடந்தது இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்காகவா இத்தனை பொறாமைப்பட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது. ஒரு வியாழக்கிழமை பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்திருந்தால் யார் என்ன சொல்லியிருக்கப் போகிறார்கள்.

தாலியாவின் மடியில் இருந்த பேனா தரையில் விழுந்து உருண்டது. ரோனாவின் புருவம் சுருங்கியது. கரண்டியைக் கீழே போடுகிறவர்களைப் பார்த்து அவள் சுருக்குகிற அதே சுருக்கு. மற்றவர்கள் கவனித்தார்களோ என்னவோ, ஃபெர்கஸ் பார்த்தார். இவர்கள் வந்திருப்பது அவளுக்குத் தெரியும். அவர் நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து, யோசிக்கப் போன மூச்சு திரும்பி வரவில்லை.

அவர் காத்திருந்தார். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தார். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தாலியாவின் கண்ணீர் கழுத்துவரை வழிந்தது, அவள் துடைக்கவில்லை. இம்தியாஸின் உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்தன. ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. கால் மரத்துப்போய் ஒரு பையன் முகம் சுளித்தான், அவனும் எழவில்லை.

ஃபெர்கஸ் குனிந்து டவினாவின் காதருகே கேட்டார். "ஏன் அப்படியே உக்காந்திருக்கீங்க?"

"எந்திரிக்கத் தெரியல" என்றாள் அவள். "எப்பவும் ரோனா சொன்னாத்தான் முடியும். மணி அடிக்கிறதெல்லாம் கிடையாது. கதவோரமா நின்னு எல்லார் முகத்தையும் பாப்பா. போதும்னு அவளுக்குத் தோணும்போது சொல்லுவா."

"அவ இல்லாத இந்த ஆறு வாரம்?"

"யாராவது இருமுற வரைக்கும் உக்காந்திருப்போம்."

"என்ன சொல்லுவா?"

டவினா சொன்னாள். மூன்றே வார்த்தை.

ஃபெர்கஸ் அவளையே பார்த்தபடி இருந்தார். நாற்பத்து நாலு வருஷம், தினம் சாயங்காலம், பேப்பருக்குப் பின்னால் இருக்கும் அவரைச் சமையலறையில் இருந்து கூப்பிடுகிற மூன்று வார்த்தை. உலகத்தில் தன் ஒருவனுக்கு மட்டும் சொல்லப்படுவதாக அவர் நினைத்திருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"வாங்க, ஆறிடப் போவுது" என்றார்.

நாற்காலிகள் நகர்ந்தன. சமையலறையில் யாரோ அலமாரியைத் திறந்து, இந்த வீட்டில் கிண்ணங்கள் எங்கே இருக்கும் என்று தேடத் தொடங்கினார்கள்.